லூர்துக்கெண்டு வெளிக்கிட்டு

யன்னல் பக்கம் நீங்களே இருங்கோ பிள்ளை. எனக்கு இந்தக் கரைதான் வசதி, முழங்காலை நீட்டலாம். பஸ் லூர்து மாதா கோயிலுக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகுமாம், இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு. இந்தாங்கோ கச்சான் கடலை. எடுங்கோ, வெக்கப்படாதேங்கோ. தனியவோ வாறியள்? நானும் தனியத்தான். ரெண்டு தனியாக்கள் பக்கத்தில பக்கத்தில இருந்தால் வழி தெரியாமல் போயிடும்.

லூர்துக்கு முதல்தரமோ? எனக்கும் முதல்தரம்தான். ஆனா பாரிசுக்குப் பக்கத்தில எங்கட லாகூர்னேவில ஆரைக் கேட்டாலும் "மலரக்கா போன வரியமும் போனவா" எண்டு சொல்லிப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்குங்கள். சிரிக்கட்டும். போன வரியம் பெந்தக்கோஸ்து லீவுக்கு நாங்கள் மூண்டு பொம்பிளையள் லூர்துக்கெண்டு வெளிக்கிட்டுப் போய் இறங்கினது ஸ்பெயின் கடற்கரையில. வழி தவறிப் போனதெண்டு நினையாதேங்கோ. தெரிஞ்சுதான் போனது. யோசனை என்ரதுதான், அதை நான் மறைக்கமாட்டன். ஆனா எனக்காகப் போகேல்லை, இப்பவே சொல்லிப்போட்டன். வதனிக்காகப் போனது. அதை இப்ப எல்லாரும் மறந்து போச்சினம். வதனியே மறந்து போனாள். அதுதான் எனக்குக் கவலை.

வதனி ஆரெண்டு சொல்லவேணுமெல்லோ. எங்கட வீட்டுக்கு எதிர்க் கட்டிடத்தில இருந்தவள். புருசன் வன்னியில செல்லடியில போயிட்டார். பிள்ளையளும் இல்லை. தமையன் நடேசலிங்கம்தான் இஞ்ச கூப்பிட்டு எடுத்தவர். நல்ல மனுசன். குடிவெறி இல்லை, ஒரு கெட்ட சொல்லு வாயில வராது. ஆனா கூப்பிட்ட நாள் தொட்டு அவள் அந்த வீட்டுக் குசினியை விட்டு வெளிய வந்ததில்லை. விடியக்காலமை ஒரு பள்ளிக்கூடத்தில கூட்டித் துடைக்கிற வேலை. வீட்ட வந்தால் சமையல், உடுப்பு, மருமக்களின்ர, தமையன்ர பிள்ளையளின்ர பாடு. தமையன்ர பெண்சாதி, மச்சாள்காரி, வேலையால வந்து கதிரையில இருந்தாவெண்டால் தேத்தண்ணி கையில வரும். எனக்கு அதைப் பாக்கப் பாக்கப் பொறுக்காது பிள்ளை. ஒரு மனுசியை இப்பிடி வைச்சிருக்கலாமோ? நீங்களே சொல்லுங்கோ. எத்தினை தரம் அவளுக்குப் புத்தி சொல்லியிருப்பன், "எடியே, உனக்கெண்டு ஒரு வாழ்க்கை வேணுமடி" எண்டு. அவள் எங்கட குசினியில நிண்டு புட்டவிச்சுக்கொண்டே "ஓமக்கா, ஓமக்கா" எண்டுவாள். சனிக்கிழமையில எங்கட வீட்ட வருவாள். என்ர மாமிக்கு வதனியின்ர புட்டெண்டால்தான் தொண்டைக்குள்ளால இறங்கும்.

மற்றவள் ஜெகதா. கார் ஓடுவாள், வாயும் ஓடும். புருசனை விட்டிட்டு வந்து மகளை வளர்த்து ஆளாக்கினவள். மகள் லியோனில படிக்கப் போனபிறகு தனிய இருக்கிறாள். பயமெண்டால் என்னெண்டு தெரியாது.

ஒருநாள் மூண்டுபேரும் எங்கட வீட்டில இருக்கிறம். ஜெகதா போனில ஒரு படம் காட்டினாள், மகள் சிநேகிதப் பிள்ளையளோட ஸ்பெயினுக்குப் போய் எடுத்தது. நீலம் எண்டால் அப்பிடியொரு நீலம். வதனி கரண்டியும் கையுமா வந்து எட்டிப் பாத்திட்டுக் கேட்டாள், "தண்ணி குளிருமோ?"

அவ்வளவுதான் கேட்டவள். அவள் ஒண்டைக் கேட்டு நான் அதுக்கு முதல் கண்டதில்லை. "போவமடி" எண்டன். ஜெகதா துள்ளி எழும்பினாள்.

நடேசலிங்கம் அண்ணை விடுவாரோ? "கடற்கரைக்கோ? மூண்டு பொம்பிளையள் தனியவோ?" எண்டு கண்ணாடியைக் கழட்டுவார். அவர் கண்ணாடியைக் கழட்டினால் அந்தக் கதை முடிஞ்சுது. அதாலதான் நான் நேர போய், "அண்ணை, லூர்துக்குப் போறம், வதனியையும் கூட்டிக்கொண்டு போகட்டோ?" எண்டு கேட்டனான். நாங்கள் சைவம்தான், ஆனா மாதாவிட்டப் போறதெண்டால் ஆர் மறிக்கிறது? "போட்டு வாங்கோ, எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கோ" எண்டார். இதைப் பொய்யெண்டு சொல்லுவியளோ? ரெண்டும் தெற்குப் பக்கம்தானே.

வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டம். வதனி இடியப்பம், சம்பல், கட்லட், மீன் பொரியல் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான்தான் சொன்னனான், "கடையில வாங்கித் தின்னேலாதடி, நீயே ஏதும் செய்து கொண்டு வா" எண்டு. ஏனெண்டால் அவள் செய்யிற மாதிரி ஆருக்கும் வராது. கார் முழுக்க வாசம். ஜெகதா கட்லட்டை ஒரு கையில வைச்சுக்கொண்டு மற்றக் கையால ஓடுறாள், நான் பின்னால இருந்து "ரெண்டு கையாலயும் பிடியடி" எண்டு கத்துறன், வதனி முன்னுக்கு இருந்து ஜெகதாவின்ர வாயில ஊட்டிவிடுறாள். அப்பிடியொரு கூத்து.

எல்லை வந்துது பிள்ளை. எல்லையெண்டால் எங்களுக்கு என்ன? நான் இந்த நாட்டுக்கு வரேக்க எத்தினை எல்லை, எத்தினை காடு, ஒரு லொறிக்குள்ள மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. இஞ்ச என்னெண்டால் நீலத்தில ஒரு பலகை. அவ்வளவுதான். ஆரும் மறிக்கேல்லை, ஆரும் "பேப்பர் காட்டு" எண்டு கேக்கேல்லை. நாங்கள் மூண்டுபேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம். வதனிதான் முதல் சிரிச்சாள். பிறகு எனக்கு அடக்கேலாமல் போச்சு. ஜெகதா, "திரும்பிப் போய் இன்னொருக்காக் கடப்பமோ?" எண்டாள். பகிடிக்கெண்டு நினைச்சன். உண்மையாத் திருப்பினாள் பிள்ளை! அங்கால போய், இஞ்சால வந்து, பேந்தும் அங்கால போய், வயிறு நோகச் சிரிச்சு, கண்ணால தண்ணி ஓடுது. பின்னால வந்த கார்க்காரன் ஹோன் அடிக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

அந்த ஊரின்ர பேர் லன்சாவோ லியன்சாவோ. எனக்கு லஞ்சம் எண்டுதான் ஞாபகம் நிக்கும். சின்ன ஊர். கடலுக்கு முன்னால ஒரு அறை, ஜெகதாவின்ர மகள் பதிஞ்சு தந்தது. வீட்டுக்காரி ஒரு வயசான ஸ்பெயின்காரி, வாய் நிறையச் சிரிப்பு. எங்களுக்கு அவ சொல்லுறது விளங்காது, அவவுக்கு எங்களைத் துப்பரவா விளங்காது. நல்ல பொருத்தம்.

அண்டைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு நான் கண்டிப்பாச் சொல்லிப்போட்டன். "வதனி, நீ ஒண்டும் செய்யக்கூடாது. இது உன்ர லீவு. பேசாமல் இரு" எண்டு. அவள் இருந்தாள். ஒரு தேத்தண்ணி மட்டும் போடச் சொன்னனான். ஜெகதா போட்டால் அது கழனித்தண்ணி.

அடுத்தநாள் காலமை ஜெகதா எங்களை ஒரு கடைக்குள்ள இழுத்துக்கொண்டு போனாள். நீச்சல் உடுப்புக் கடை. ஐயோ, அந்தக் கதையை ஏன் கேக்கிறியள். அவள் சிவப்பில ஒண்டு எடுத்தாள், நான் பூப்போட்டது ஒண்டு, கீழ பாவாடை மாதிரித் தொங்கும். உடுத்துக்கொண்டு கண்ணாடியில பாத்தால் எங்கட கலியாண மண்டபத்துத் திரைச்சேலை மாதிரி இருந்தன். அதுக்கு மேல ஒரு சட்டை, சட்டைக்கு மேல ஒரு சால்வை. ஜெகதா கடைக்குள்ள நிலத்தில இருந்து சிரிக்கிறாள். வதனிக்குக் கறுப்பில ஒண்டு பாத்துப் பாத்துத் தேர்ந்தம். அவள், "எனக்கு வேண்டாமக்கா, நான் சாமானுகளைப் பாத்துக்கொண்டு கரையில இருக்கிறன்" எண்டாள். நானும், சரி, ஆரும் ஒராள் இருக்கத்தானே வேணுமெண்டு விட்டிட்டன். ஆனா ஜெகதா அந்தக் கறுப்பையும் சேர்த்து வாங்கினாள். அவளுக்கு எப்பவும் தேவையில்லாத செலவு.

தண்ணி குளிரெண்டால் குளிர்! முழங்கால் மட்டும்தான் நான் இறங்கினன். ஒரு அலை வந்தால் "மாதாவே" எண்டு கத்துவன், அது போனால் "முருகா" எண்டு கத்துவன். அந்த நேரம் பாத்து வதனியின்ர போன் அடிக்குது. தமையன்! வதனி கரையில இருந்து கையைக் காட்டுறாள். நான் ஓடிப்போய்ப் பறிச்சன்.

"ஆ, அண்ணை, சொல்லுங்கோ."

"மலரோ? கும்பிட்டாச்சோ? அதென்ன இரைச்சல்?"

"மாதா குகைக் கெபிக்குப் பக்கத்தில ஆறு ஓடுது அண்ணை."

"ஆறு இப்பிடி இரையுமோ?"

"மழைத் தண்ணி அண்ணை."

அப்பத்தான் ஐஸ்கிறீம் விக்கிறவன் ஒருத்தன் எங்கட தலைக்கு மேல வந்து நிண்டு ஸ்பானிசில கத்துறான்.

"அதார் கத்துறது?"

"பாதர் அண்ணை. பிரசங்கம் வைக்கிறார்."

"நல்லாத் தொண்டை கிழியக் கத்துறார். சரி, வதனியிட்டக் கேளுங்கோ, என்ர நீலச் சேட்டு எங்கயெண்டு."

வதனி அலுமாரியில எத்தினையாம் தட்டெண்டு சொன்னாள். போனை வைச்சவுடன நானும் ஜெகதாவும் மணலில உருண்டம். வதனியும் சிரிச்சாள். ஆனா அந்த ஐஸ்கிறீம்காரன் போன பக்கத்தையே கனநேரம் பாத்துக்கொண்டிருந்தாள். ஐஸ்கிறீம் ஆசையாக்குமெண்டு நான் ஒண்டு வாங்கிக் குடுத்தன்.

ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளை, எல்லாம் பிழையாப் போச்சு. கடற்கரைக்குப் போய்த் துவாயை விரிச்சு இருக்கிறம். நான் சால்வையைக் கழட்டுறன், இண்டைக்கு எப்பிடியும் இடுப்பு மட்டும் இறங்கிறதெண்டு மனசைத் திடப்படுத்திக்கொண்டு. வதனி எழும்பினாள். பஞ்சாபிச் சட்டையைக் கழட்டினாள். உள்ளுக்க அந்தக் கறுப்பு உடுப்பு! என்ர கைப்பை, ஜெகதாவின்ர கைப்பை, செருப்பு, போன், கட்லட் பெட்டி, எல்லாத்தையும் தூக்கி என்ர மடியில வைச்சாள்.

"மலரக்கா, இதைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" எண்டாள்.

அவ்வளவுதான். நடந்து போனாள். நான் அலையைக் கண்டு கத்தின மாதிரி அவள் கத்தேல்லை, நிக்கவுமில்லை. நடந்துகொண்டே போய் ஒரு அலை வந்த நேரம் அப்பிடியே உள்ளுக்க போயிட்டாள். "வதனி! எடியே வதனி!" எண்டு எழும்பிக் கத்துறன், மடியில இருந்ததெல்லாம் மணலில. அங்கால தலை தெரியுது. மல்லாக்கக் கிடக்கிறாள் பிள்ளை, தண்ணிக்கு மேல, பாயில படுத்த மாதிரி. அவள் நீந்துவாளெண்டு எனக்கு ஆர் சொன்னது? இவ்வளவு காலம் பழகியும் எனக்குத் தெரியாது. ஜெகதாவுக்குத் தெரிஞ்சிருக்கு. "கேட்டனான், சொன்னவள்" எண்டாள்.

பொழுது முழுக்க அவள் கரைக்கு வரேல்லை. அங்க ஊர்ப் பொம்பிளையள் ஒரு கூட்டம், எங்கட வயசுக்காரர், காதில தோடு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, இடுப்பளவு தண்ணியில வட்டமா நிண்டு கதைக்கினம். எங்கட லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில மரக்கறிக் கடைக்கு முன்னால நிண்டு கதைக்கிற மாதிரி, ஆனா கடலுக்குள்ள. வதனி அவையளுக்கு நடுவில. அவையள் ஸ்பானிசில சொல்லுகினம், இவள் தமிழில சொல்லுறாள், எல்லாருமாச் சேர்ந்து சிரிக்கினம். ஒருத்தி இவளின்ர தலையில தன்ர தொப்பியைக் கழட்டி வைச்சாள்.

அப்ப நான்? நான் சாமானுகளோட. ஜெகதாவும் தண்ணிக்குள்ள போயிட்டாள். வெயில் கொளுத்துது, பூப்போட்ட உடுப்பு உடம்போட ஒட்டுது, ஒருத்தராவது "அக்கா, நீங்கள் போய் ஒருக்கா நனைஞ்சிட்டு வாங்கோ" எண்டு கேக்கேல்லை. ஒரு மனுசியைக் கரையில இருத்திப்போட்டு இப்பிடிக் கூத்தடிக்கலாமோ? அந்தக் கட்லட் முழுக்க நான்தான் திண்டது, வேற என்ன செய்ய.

அவள் வந்து பக்கத்தில இருக்கேக்க கண் ரெண்டும் சிவந்திருந்தது. "என்னடி?" எண்டு கேட்டன். "உப்புத் தண்ணியக்கா" எண்டாள். நான் எப்பவும் கைப்பையில கண்ணுக்கு விடுற மருந்து வைச்சிருப்பன், ரெண்டு கண்ணுக்கும் விட்டுவிட்டன். அதுக்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்துது. ஸ்பெயின் கடலில உப்புக் கூடப்போல.

"என்ன அப்பிடி அவையளோட கதைச்சனி?"

"மருமக்களைப் பற்றி."

"அவையள் என்ன சொன்னவை?"

"அவையளும் மருமக்களைப் பற்றித்தான் சொன்ன மாதிரிக் கிடந்துது."

திங்கள் காலமை வெளிக்கிட வேணும். நான் பெட்டியை மூடி, வதனியைக் காணேல்லையே, தேத்தண்ணியையும் காணேல்லையே எண்டு பாத்தால், அவள் மாடத்தில நிக்கிறாள். கையில தானே போட்ட தேத்தண்ணி, ஒரு கோப்பைதான். பெட்டி திறந்தபடி கிடக்கு.

"நான் வரேல்லை மலரக்கா."

"எங்க வரேல்லை?"

"வீட்ட. ஒரு கிழமை இஞ்ச நிக்கப் போறன். வேலைக்கு லீவு சொல்லிப்போட்டன். வீட்டுக்காரம்மாவிட்டக் கேட்டன், அறை இருக்காம்."

"என்ன பாஷையில கேட்டனி?"

"கட்டிலைக் காட்டி விரலைக் காட்டினன்."

எனக்கு விசர் வந்துது. "எடி, அண்ணைக்கு நான் என்ன சொல்லுறது? மாதா பிடிச்சு வைச்சிட்டா எண்டு சொல்லுறதோ?" எண்டு கத்தினன். அவள் போனை எடுத்தாள். சத்தமாப் போட்டுவிட்டாள், எங்களுக்கும் கேக்கிறமாதிரி.

"அண்ணை, நான் லூர்தில இல்லை. கடற்கரையில நிக்கிறன். பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இன்னும் ஒரு கிழமை நிண்டிட்டுத்தான் வருவன்."

அவர் கண்ணாடியைக் கழட்டுறது எனக்குத் தெரிஞ்சுது பிள்ளை, போனுக்குள்ளால தெரிஞ்சுது. ஜெகதா என்ர கையைப் பிடிச்சிருக்கிறாள். பிறகு அவர் கேட்டார்.

"அப்ப சோறு?"

வதனி கடலைப் பாத்தாள். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சாள்.

"குக்கரில போடுங்கோ அண்ணை. தண்ணி, விரலின்ர முதல் கோடு மட்டும்."

நாங்கள் ரெண்டுபேரும்தான் திரும்பி வந்தம். ஜெகதா வழி முழுக்கப் பாட்டு. நான் யன்னலுக்கு வெளிய பாத்துக்கொண்டு வந்தன். எல்லைப் பலகை வந்துது, ஆரும் திரும்பிப் பாக்கேல்லை.

வந்து சேர்ந்தால் நடேசலிங்கம் அண்ணை எங்கட கட்டிடத்துக்குக் கீழ நிக்கிறார். நீலச் சேட்டு, இஸ்திரி போடாதது. "மலர், நான் அவளை என்ன குறையில வைச்சிருந்தனான்?" எண்டு கேட்டார். கோபமாக் கேட்டிருந்தால் நான் பயந்திருப்பன். உண்மையாத்தான் கேட்டார். எனக்கு எங்கயிருந்து துணிவு வந்துதோ தெரியாது. "அண்ணை, அவள் நீந்துவாளெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" எண்டன். "தெரியும், சின்னனில நான்தான் பழக்கினனான்" எண்டார். "அப்ப இவ்வளவு காலத்தில ஒருக்காவெண்டாலும் கடல் காட்டினியளோ? அவளும் ஒரு மனுசியெல்லோ. கூடப்பிறந்ததைக் குசினி மெசினாக்கி வைச்சிருக்கிறியள்" எண்டு படபடவெண்டு குடுத்தன். ரோட்டில போன சனம் நிண்டு பாத்துது. அந்த மனுசன் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கொண்டு நிண்டார். அதை இப்ப ஆரும் கதைக்கமாட்டினம். மலர் அண்டைக்கு நடு ரோட்டில வதனிக்காக நிண்டவள் எண்டு ஒருத்தரும் கதைக்கமாட்டினம்.

வதனி ஒரு கிழமையால ரயிலில வந்தாள். கரிச்சட்டி மாதிரிக் கறுத்து, பல்லு மட்டும் வெள்ளை, தலையில அந்தத் தொப்பி. தமையன் வீட்ட போனாளாம். அவர் சோறு கறி எல்லாம் ஆக்கி வைச்சிருந்தவராம். கறியில உப்புக் கூடவாம், ஆனா சாப்பிட்டாளாம். சாப்பிட்டு முடிய, "அண்ணை, நான் வேற இடத்தில இருக்கப்போறன்" எண்டாளாம். அவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கீழ மட்டும் வந்து விட்டவராம். மச்சாள்காரிதான் அழுதவாவாம். அழமாட்டாவே?

இப்பத்தான் பிள்ளை என்ர கதை வருது. கேளுங்கோ.

அவள் இடம் தேடுறாளெண்டு கேள்விப்பட்டவுடன நான் ஓடினன். ஜெகதாவின்ர வீட்டில ரெண்டுபேரும் இருக்கினம். நான் சொன்னன், "எடியே வதனி, உனக்கு நான் இருக்கிறன். வெளியில ஏன் தேடுறாய்? எங்கட வீட்ட வா. மாமியின்ர அறையில இன்னொரு கட்டில் போடலாம். மாமிக்கும் ஒரு துணை. எங்கட பெடியளுக்கு உன்ர புட்டெண்டால் உயிர், நானும் இவரும் வேலைக்குப் போனால் நீ வீட்டில ஆறுதலா இருக்கலாம், உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம், பின்னேரம் நாங்கள் வரேக்க ஒரு தேத்தண்ணியைப் போட்டுவைச்சியெண்டால் காணும்" எண்டன். மனசாரச் சொன்னன் பிள்ளை. என்ர சொந்தத் தங்கச்சிக்குக்கூட இப்பிடிச் சொல்லமாட்டன்.

வதனி ஜெகதாவைப் பாத்தாள். ஜெகதா வதனியைப் பாத்தாள். பிறகு ரெண்டுபேரும் வெடிச்சுச் சிரிச்சினம். சாதாரணச் சிரிப்பில்லை. ஜெகதாவின்ர மூக்கால தேத்தண்ணி வந்துது. வதனி கதிரையால வழுகி நிலத்தில இருந்து, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு, "ஐயோ மலரக்கா, ஐயோ என்ர மலரக்கா" எண்டு என்ர காலைக் கட்டிப்பிடிச்சுச் சிரிக்கிறாள். அவள் அப்பிடிச் சிரிச்சு நான் ஒருநாளும் பாத்ததில்லை. கடைசியில ஜெகதாவின்ர மகளின்ர அறையிலதான் போய் இருந்தாள். இப்பவும் அங்கதான். சனிக்கிழமையில வருவாள், வந்து கதிரையில இருந்து கதைச்சிட்டுப் போவாள். புட்டு நான்தான் அவிக்கிறன், மாமி அதைப் பாத்துப் பெருமூச்சு விடுறா.

இந்தமுறையும் ரெண்டும் அந்த லஞ்ச ஊருக்குத்தான் போயிருக்கினம். என்னையும் வரச்சொல்லிக் கெஞ்சினவை. நான் மாட்டனெண்டு சொல்லிப்போட்டன். முதல் எனக்கு நியாயம் சொல்லட்டும். நான் என்ன அப்பிடிப் பகிடி விட்டனான்? ஒரு நல்லது சொன்னதுக்கு ஏன் அந்தச் சிரிப்புச் சிரிச்சவை? ஒரு வரியமா யோசிக்கிறன், எனக்கு விளங்கேல்லை. நீங்கள் படிச்ச பிள்ளை, நீங்களாவது சொல்லுங்கோ.

ஏன் பிள்ளை, நீங்களும் சிரிக்கிறியள்? கச்சான் புரைக்கேறப் போகுது, தண்ணியைக் குடியுங்கோ. நான் என்ன சொல்லிப்போட்டன் இப்ப? முன்னுக்கு இருக்கிறவையும் திரும்பிப் பாக்கினம். சிரியாதேங்கோ பிள்ளை. எனக்கும் வருகுது. ஐயோ, ஏனெண்டு தெரியாமலே எனக்கும் வருகுது.